"ரொம்ப சுறுசுறுப்பா இருந்தான் டொக்டர்"

வணக்கம் நேயர்களே.

மலையகத்தில் ஒரு மனநல கிளினிக்கில் மருத்துவராக வேலை செய்கிறேன். தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் அனேகமாக ஒரே முறைப்பாட்டோடுதான் வருகிறார்கள்: "பிள்ளை எழும்புறதே இல்லை, சாப்பிடுறதும் இல்லை டொக்டர்." சரி, அதற்கு முன்னால் எப்படி இருந்தான் என்று கேட்டால், "அப்ப நல்லாத்தான் இருந்தான், ரொம்ப சுறுசுறுப்பு" என்பார்கள். அந்தச் சுறுசுறுப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் பையன் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரவில் இரண்டு மணிநேரம் தூங்கினால் அதிகம், ஆனாலும் களைப்பே இல்லை. லயத்தில் ஒரு வீடு விடாமல் போய்ப் பேசுகிறான். ஒரு கதை முடியுமுன் அடுத்த கதை. தேர்தலில் நிற்கப்போகிறானாம். அம்மா காலமெல்லாம் கொழுந்தெடுத்துச் சேர்த்த சேமலாப நிதிப் பணத்தை முற்பணமாகக் கட்டி, லீசிங்கில் த்ரீவீலர் எடுத்துவிடுகிறான். ஏனென்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. குடித்திருப்பான் என்கிறார் ஒருவர், பேய் பிடித்திருக்கிறது என்கிறார் இன்னொருவர். சில வாரங்கள் கழித்து அதே பையன் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடுகிறான். அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

இது இருமுனை மனநோய். பைபோலார் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லை மீறிய எழுச்சி ஒரு பக்கம், ஆழ்ந்த சோர்வு மறுபக்கம். இடையில் மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட ஆள் சாதாரணமாக இருக்கலாம். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித்தான் தொடங்கும். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வளர்ப்பையோ செய்வினையையோ குறை சொல்லிப் பயனில்லை.

எழுச்சியைச் சொல்லாமல் சோர்வை மட்டும் சொன்னால், நாங்களும் அதற்குரிய மாத்திரையை மட்டுமே எழுதிவிடுவோம். இந்த நோயுள்ள சிலருக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் எழுச்சி கிளம்பிவிடும். ஆகவே த்ரீவீலர் கதையையும் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மருந்துகளில் பழையது லித்தியம். இந்த எழுச்சிக்கு அது கேட்கிறது என்று 1949இல் எழுதியவர் ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். இன்றைக்கும் அதை மிஞ்சிய மருந்து அதிகமில்லை; தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது. ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் நஞ்சாகிவிடும். அதனால்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் கவனிக்கிறோம். வயிற்றோட்டம், வாந்தி வந்தாலும், வெயில் மலையில் தண்ணீர் குடிக்காமல் வேர்த்துக் கொட்டினாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறும். இடுப்புவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவையும் ஏற்றும். இடுப்புவலி இல்லாத கொழுந்துக்காரர் யார்? எந்த வலி மாத்திரையானாலும் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். கை கடுமையாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குளறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். வல்புரோயேட் என்றொரு மருந்தும் உண்டு. வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அதைத் தவிர்க்கப் பார்ப்போம். கர்ப்பம் என்றால் தாமதிக்காமல் சொல்லுங்கள், ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் அன்றைய பேரும், அதாவது நாட்கூலியும் போய், பஸ்ஸுக்கும் காசு கொடுத்து வருவது லேசல்ல என்று தெரியும். "இப்ப சுகம்தானே, எதுக்குப் போகணும்" என்று நிற்பவர்கள்தான் அதிகம். சுகமாக இருப்பதே மருந்தால்தான். கோடாங்கியிடம் போகிறீர்களா, போங்கள், நூல் கட்டுங்கள், மாத்திரையும் தொடரட்டும்.

தூக்கம் கெட்டால் நோய் திரும்பும். காமன் கூத்துக் காலத்தில் இரவிரவாக விழிப்பதும், பெக்டரியில் இரவு வேலையும் இவர்களுக்கு ஆகாது. கூத்தைப் பார்க்கட்டும், ஆனால் நேரத்தோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். சொல்வது எளிது, தப்பு மேளச் சத்தம் கேட்டால் யார்தான் படுப்பார்கள்? இருந்தாலும் இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல் தெம்பாகத் திரிந்தால், கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம். வாக்குவாதம் செய்யாமல், பணத்தையும் அடையாள அட்டையையும் பத்திரப்படுத்திவிட்டு, உடனே அழைத்து வாருங்கள்.

சோர்வுப் பக்கத்தில் "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று சொன்னால், தனியாக விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்; மாத்திரைகளை நீங்களே பத்திரமாக வைத்து வேளைக்குக் கொடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ் வரும்.

நன்றி, வணக்கம்.