கல்லூரிக் கூரை ஒழுகும் ஒவ்வொரு முறையும் டெண்டர் விட வேண்டுமா?

வணக்கம். டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பணிபுரியும் அரசுக் கல்லூரியில் ஜூலை மழைக்கு வகுப்பறைக் கூரை ஒழுகியது. தீபாவளி கழிந்த பிறகும் வேலை தொடங்கவில்லை. "ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தம் போட்டு, தேவைப்படும்போது வேலை வாங்கினால் என்ன? அப்படிச் செய்தால் ஊழல் பெருகாதா?" என்பது கேள்வி.

முதலில் தாமதத்தைப் பார்ப்போம். மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று புதுக் கட்டடத்துக்கு உள்ள படிகளில் பெரும்பாலானவற்றை ஒரு கூரைப் பழுதும் ஏறியாக வேண்டியிருக்கிறது. டெல்லியின் பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றில் மொட்டை மாடித் தளத்தின்மேல் மண் பரப்பி, அதன்மேல் செங்கல் ஓடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பு விட்டுப்போனால் அந்த மண் நீரைக் குடித்துவைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கசியவிடும்; உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஜூலையில் எடுத்த அளவு நவம்பரில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அமெரிக்க ராணுவத்தின் கட்டடப் பராமரிப்புக்காக 1980-களில், அம்மையார் கேட்பதைப் போன்ற ஒப்பந்த முறை ஒன்று உருவானது. பின்னர் அமெரிக்கக் கல்லூரிகளும் அதை எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு சிறு வேலைக்கும் விலை எழுதிய பட்டியல் முதலிலேயே தரப்படும். அந்த விலையை எத்தனையால் பெருக்கி வாங்கிக்கொள்வார் என்பதில் மட்டுமே ஒப்பந்ததாரர்கள் போட்டியிடுவார்கள். 0.92 என்று கேட்டவர், பட்டியலில் 1 லட்சம் மதிப்புள்ள வேலைக்கு 92,000 பெறுவார். இதற்கான அடித்தளம் நம்மிடமும் இருக்கிறது: மத்தியப் பொதுப்பணித் துறையின் டெல்லி விலைவிகிதப் பட்டியலும், மதிப்பீட்டுக்கு மேல் அல்லது கீழ் இத்தனை சதவீதம் என்று கேட்கும் டெண்டர் முறையும் பழக்கத்தில் உள்ளவையே. அதை ஒரு வேலைக்கு என்றில்லாமல், ஓராண்டில் வரக்கூடிய பழுதுகள் அனைத்துக்கும் விரிப்பதுதான் மாற்றம்.

ஊழல் பற்றிய அச்சம் நியாயமானது. விலை முன்பே உறுதியாகிவிடுவதால் ஏமாற்றுகிறவர் அளவில்தான் கை வைப்பார். 60 சதுர மீட்டர் பூச்சு 90 ஆக எழுதப்பட்டால் எந்தப் பட்டியலும் காப்பாற்றாது. ஆகவே பணி ஆணைக்கு முன் பொறியாளர், ஒப்பந்ததாரர், கல்லூரிப் பிரதிநிதி மூவரும் சேர்ந்து இடத்தைப் பார்த்து அளவு எழுத வேண்டும். முடிந்த வேலையையும் அப்படியே அளந்து, அளவுப் புத்தகத்தின் நகலைக் கல்லூரிக்குத் தர வேண்டும். ஓர் ஆணைக்கு உச்சவரம்பு வேண்டும். சிறிய ஒப்பந்ததாரர்களும் போட்டியிடும்படி பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். டெண்டரில் மிச்சமாகும் காலத்தை அளப்பதில் செலவிடாவிட்டால் இந்த முறையை நான் ஆதரிக்க மாட்டேன்.

அம்மையாருக்கு ஒன்று சொல்கிறேன். முறை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவண நகல் பெற மட்டுமல்லாமல், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. கூரை வேலை தொடங்கியதும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டு மனுக் கொடுங்கள்.