கினிப்பன்றிக் குட்டிக்குப் பல் மருத்துவர் தேடுவோருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்டார்கள் என்று ஒரு கினிப்பன்றிக் குட்டியை வாங்கி வந்திருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள பிராணி. குரைக்காது, நடக்கக் கூட்டிப்போக வேண்டியதில்லை. வாங்கும்போது இதெல்லாம் காதில் விழும். அதன் பல்லைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கைவிடப்பட்ட சிறு பிராணிகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு நல்ல குடும்பங்களிடம் ஒப்படைக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு வரும் அழைப்புகளில் மிகவும் கலங்கிப்போய்ப் பேசுகிறவர்கள் பல் பிரச்சினை உள்ளவர்கள்தான். “சாப்பிட ஓடி வருதுக்கா, வாயில எடுக்குது, கீழ போட்டுடுது” என்பார்கள். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாக இருக்கும். அந்தக் கவலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் இதற்கு உதவாது. செல்லப்பிராணிக் காப்புறுதித் திட்டங்களோ பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும்தான். முழுச் செலவும் நம் கையிலிருந்துதான் போகும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குட்டி ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவரைத் தேடி வைத்துவிடுங்கள். செலவும் ஆபத்தும் குறைய எனக்குத் தெரிந்த முதல் வழி அதுதான்.

சரி, இந்தப் பிராணிக்குப் பல் ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது? கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் தெரிபவை மேலே இரண்டு, கீழே இரண்டு. மற்ற 16 பற்களும் உள்ளே கன்னப் பக்கம் இருக்கின்றன. வாய் மிகக் குறுகலானது, கன்னச் சதை உள்பக்கமாக மடிந்து மறைக்கும், அதனால் வெளியிலிருந்து பார்த்தால் அவை தெரியவே தெரியாது. இந்த இருபதும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்குப் போல இதற்குப் பால்பல் விழுந்து முளைப்பதும் கிடையாது. பால்பற்கள் தாயின் வயிற்றிலேயே மறைந்துவிடுகின்றன. குட்டி பிறக்கும்போதே நிலையான பற்களோடு, கண் திறந்து, முழு உரோமத்தோடு பிறக்கிறது. ஓரிரு நாளில் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். அதாவது பல் தேய வேண்டிய வேலை முதல் வாரத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

தேய்ப்பது யார்? புல்தான். காய்ந்த புல்லில் நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. நீளமான தண்டை வாயில் இழுத்துக்கொண்டு தாடையை அசைத்து அசைத்து வெகு நேரம் அரைக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று உரசித் தேய்ந்து அளவாக நிற்கும். தீனி உருண்டையைக் கொடுத்தால் நாலு கடியில் நொறுக்கி விழுங்கிவிடும், அரைக்கும் வேலையே இருக்காது. கடையில் விற்கும் மரக்கட்டை, உப்புக்கட்டி இவையெல்லாம் கன்னப் பற்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. கட்டையைக் கடித்தால் முன்பல் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான்.

புல் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இதைப் புரிந்துகொள்ளாததால்தான். கீழ்க் கன்னப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நீளும். இரண்டு பக்கமும் நீண்டு வந்து நாக்கின்மேல் பாலம் போலக் கூடிவிடும். நாக்கு அதற்கடியில் சிக்கிக்கொள்ளும். பசி இருக்கும், கிண்ணத்தருகே ஓடி வரும், ஆனால் உணவை உள்ளே தள்ள முடியாது. மேல் பற்கள் கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கும். இப்படி அரைக்க முடியாமல் போகும்போது முன்பற்களும் சரியாக உரசாமல் நீளத் தொடங்கும். நம் கண்ணுக்குத் தெரிவது அந்த முன்பல் மட்டும்தான். “பல் நீண்டுபோச்சு, கொஞ்சம் வெட்டிவிடுங்க” என்று கொண்டுபோகிறோம். வெட்டிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வளர்கிறது, மறுபடி வெட்டுகிறோம். மூல காரணம் உள்ளே அப்படியே இருக்கிறது. குட்டி மெலிந்துகொண்டே போகிறது.

ஈசூன் பக்கமிருந்து ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது இந்த நிலையில்தான். ஓரிடத்தில் மயக்க மருந்து இல்லாமல், நகவெட்டி மாதிரியான ஒரு கருவியால் முன்பல்லைத் திரும்பத் திரும்ப நறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் செலவு குறைவுதான். ஆனால் பல் நெடுக்காகப் பிளந்து, வேரில் சீழ் கட்டிவிட்டது. கடைசியில் ஆன மருத்துவச் செலவு, முதலிலேயே முறையாகப் பார்த்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: நகவெட்டியால் பல்லை நறுக்க யாரையும் விடாதீர்கள். சுழலும் சிறு கருவியால் ராவித்தான் குறைக்க வேண்டும். விழுந்து முன்பல் உடைந்த குட்டி என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் சில வாரத்தில் தானே வளர்ந்துவிடும், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, காய்கறியைச் சிறிதாக நறுக்கிக் கொடுத்து வந்தால் போதும்.

அடுத்தது வைட்டமின் சி. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் அதைத் தானே தயாரிக்க முடியாது. அது குறைந்தால் பல்லைத் தாடையில் பிடித்து வைத்திருக்கும் திசுக்கள் தளர்ந்து பல் ஆடும், கோணும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் தேவை, வளரும் குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். தேக்கா சந்தையில் கிடைக்கும் குடைமிளகாயில் ஒரு துண்டும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் தினமும் கொடுக்கலாம். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறினால் குட்டி தண்ணீரே குடிக்காமல் விட்டுவிடும். தீனி உருண்டையில் உள்ள வைட்டமினும் நாள்பட நாள்படக் குறையும், நம் ஊர் வெக்கையில் கேட்கவே வேண்டாம். மலிவு என்று பெரிய மூட்டை வாங்காமல் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

புல்லில் ஒரு சிறு குறிப்பு. ஆறு மாதம் வரை அல்ஃபால்ஃபா எனப்படும் குதிரைமசால் புல் கொடுக்கலாம், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதையே பெரிதான பிறகும் தொடர்ந்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். அதனால் குட்டியாக இருக்கும்போதே திமோதி என்ற வகைக் காய்ந்த புல்லையும் கலந்து பழக்கிவிடுங்கள். எந்நேரமும் கூண்டில் புல் இருக்க வேண்டும். ஈரப்பதத்தில் பூசணம் பிடிக்காமல் காற்றாட வையுங்கள். பிள்ளையாருக்குச் சாத்த வாங்கும் அருகம்புல்லைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். புல் நல்லதுதான், ஆனால் அதில் என்ன மருந்து தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. நான் கொடுப்பதில்லை.

இனி ஒரு தராசு. சமையலறையில் மாவு நிறுக்கும் மின் தராசு போதும். வாரம் ஒருமுறை, அதே நாளில், அதே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். பெரிய கினிப்பன்றி 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். அதில் எடை குறைந்தால் கவலைப்பட வேண்டும். குட்டியிடம் எடை குறையாமல் இருந்தால் மட்டும் போதாது. வளரும் வயதில் எடை கூடாமல் அப்படியே நின்றாலே அது எச்சரிக்கைதான். மோவாய் நனைந்திருப்பது, புழுக்கை சிறுத்துப்போவது, மென்மையானதை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்பது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, இவையும் பல்லைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் அது அவசரம். குடல் ஓடுவது நின்றுவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

இப்போது மருத்துவர். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 முதல் இயங்கும் ஏவிஎஸ், அதாவது விலங்குகள், விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு, உரிமம் பெற்ற மருந்தகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. முதலில் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் உரிமம் உள்ள எல்லாரும் கினிப்பன்றியின் வாயைப் பார்த்துப் பழகியவர்கள் அல்ல. பலர் நாய், பூனை மருத்துவர்கள். அதில் தவறில்லை, நமக்குத் தேவை வேறு. தொலைபேசியில் கேளுங்கள். வாரத்தில் எத்தனை கினிப்பன்றி பார்க்கிறீர்கள்? கன்னப் பல்லைக் குறைக்கும் சிகிச்சையை உங்கள் மருத்துவரே செய்வாரா, வேறு இடத்துக்கு அனுப்புவாரா? தலைப் பகுதி எக்ஸ்ரே எடுப்பீர்களா?

நான் மிகவும் நம்பும் கேள்வி ஒன்று உண்டு. “சிகிச்சைக்கு முன்னால் எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். நாய்க்குச் சொல்வது போல “ராத்திரி முழுக்க” என்று பதில் வந்தால் நான் வேறிடம் பார்ப்பேன். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, நீண்ட பட்டினி அதன் குடலுக்கு ஆபத்து. பழகிய மருத்துவர் புல்லையும் தீனியையும் கூடவே எடுத்து வரச் சொல்வார்.

மயக்க மருந்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பிரிட்டனில் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்கம் கொடுத்த நாய்களில் 0.17 விழுக்காடும் பூனைகளில் 0.24 விழுக்காடும் இறந்தன. முயலுக்கு அது 1.39. கினிப்பன்றிக்கு 3.80 விழுக்காடு. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. இதைக் கேட்டுப் பயந்து மயக்கமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மயக்கம் இல்லாமல் கன்னப் பல்லை முழுதாகப் பார்க்கவோ சரியாக ராவவோ முடியாது. துடிக்கிற குட்டியை அழுத்திப் பிடித்துச் செய்தால் நாக்கு அறுபடும், பல் பிளக்கும். ஆபத்தைக் குறைப்பவை வேறு: யார் மயக்கத்தைக் கண்காணிக்கிறார்கள், உடம்புச் சூடு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், விழித்த பிறகு எவ்வளவு சீக்கிரம் ஊட்டுகிறார்கள், வலி நிவாரணி கொடுக்கிறார்களா. கேட்டால் சலித்துக்கொள்ளாமல் விளக்குகிறவர்களிடம் போங்கள். குட்டி மெலிந்து குற்றுயிராகக் கிடக்கும்போது மயக்கம் கொடுப்பதைவிட, எடை நின்ற வாரமே கொண்டுபோய்க் கொடுப்பது எவ்வளவோ பாதுகாப்பு.

கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆலோசனை, எக்ஸ்ரே, மயக்கம், சிகிச்சை, மருந்து, தங்க வைத்தால் அதற்கு, மறுபரிசோதனை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று இடங்களின் விலையை இப்படி வைத்தால்தான் ஒப்பிட முடியும். மொத்தமாகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் எக்ஸ்ரேயோ வலி மருந்தோ விடுபட்டிருக்கலாம். இன்னொன்று, திரும்ப எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்று நேராகவே கேளுங்கள். சில குட்டிகளுக்கு ஒருமுறை போதும். வேர்வரை கோணிவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டி வரலாம். தவணையில் கட்ட முடியுமா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். முடியாத நிலையில் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், வலியில்லாமல் விடைகொடுப்பதும் அன்பான முடிவாக இருக்கலாம். கூண்டோடு கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. இந்த நாட்டில் பிராணியைக் கைவிடுவது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, உயிரையே எடுத்துவிடும்.

போகும் வழியையும் யோசித்து வையுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். வெயில் ஏறுவதற்குள் காலை நேரமாக முன்பதிவு செய்யுங்கள், வெப்பம் இவற்றுக்கு ஆகவே ஆகாது. துணையாக வளரும் இன்னொரு கினிப்பன்றி இருந்தால் அதையும் கூடவே கொண்டு போங்கள், பயம் குறையும்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சில நாளைக்கு வேலை உங்கள் கையில்தான். நார்ச்சத்துத் தீனி மாவை நீரில் கரைத்து, ஊசி இல்லாத பீச்சாங்குழலால் வாயின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும், இரவிலும்தான். எவ்வளவு ஊட்டுவது, எப்படிப் பிடிப்பது என்பதை மருந்தகத்திலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். தினமும் நிறுத்துப் பாருங்கள். தானாகப் புல்லை இழுத்து மெல்லத் தொடங்கும்வரை ஊட்டுவதை நிறுத்தாதீர்கள்.

நன்றி, வணக்கம்.