‘தெரியாது’ பொத்தான்

வணக்கம் நேயர்களே. பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகச் சேர நினைக்கும் பெரியவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவு ஏழரைக்கு வகுப்புக்கு வருவார்கள். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வுக்கு ஏ மேத்ஸ், அதாவது கூடுதல் கணிதம், படித்தவர்கள்தான். ஆனால் அது இருபது வருஷத்துக்கு முந்தின கதை. எது மறந்துபோனது, எது இன்னும் நிற்கிறது என்பது அவர்களுக்கே பிடிபடாது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் கணினியில் எழுதும் பிளேஸ்மெண்ட் தேர்வு. தேர்வு என்றதும் பலருக்கு, சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய பிஎஸ்எல்இ தேர்வு ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் அக்யூபிளேசர் என்றொரு தேர்வு இருக்கிறது. ஒரு கணிதப் பிரிவுக்கு 20 கேள்விகள், நேரக் கட்டுப்பாடு இல்லை. சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பாகப் போட்டால் எளிதாகும். அதனால் முந்தின கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கேள்வி கடித்துக் குதறுகிறதா? சந்தோஷப்படுங்கள், அதுவரை நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

இன்னொன்று அலெக்ஸ். 1985-இல் துவாஞோன், ஃபால்மாஞ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த ‘அறிவு வெளி’க் கோட்பாடுதான் இதற்கு அடிப்படை. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரிந்தவருக்கு அடைப்புக்குறியை விரித்தெழுதவும் தெரிந்திருக்கும், அதைத் தனியாகக் கேட்கவேண்டாம். இப்படி ஊகித்து ஊகித்தே, அதிகம் போனால் 30 கேள்விகளில் உங்கள் நிலையைப் பிடித்துவிடும். இதில் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு பொத்தான் உண்டு. நம்மவர்கள் அதைத் தொடவே கூச்சப்படுவார்கள். குத்துமதிப்பாகப் போட்ட விடை சரியாகிவிட்டால், நமக்கு வராத நாலு விஷயமும் வரும் என்று கணினி நம்பிவிடும்.

என் மாணவர் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், இதுபோன்ற தேர்வை வீட்டில் எழுதினார். பக்கத்தில் ஜேசியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஜூனியர் காலேஜில், படிக்கும் மகள். “அப்பா, அது லாக்ப்பா!” என்று மடக்கைக் கணக்குக்கும் அவளே விடை சொல்லிவிட்டாள். சரி, நேரே நுண்கணிதத்தில் போய் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, “சார், பின்னத்தைக் கூட்டுறதிலிருந்து ஆரம்பிக்கலாமா?” என்றார்.

மறுபடியும் தனியாக எழுத வைத்தேன். இந்தத் தடவை பதினோரு இடத்தில் ‘தெரியாது’. இப்போது இயற்கணிதத்தில் நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறார். மகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், தன்னுடைய மதிப்பெண் போய்விட்டதே என்று.