இரண்டு பாட்டைக் கேட்கும் காது

(மயிலாடுதுறையில் இசை ரசிகர்கள் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மாற்றிச் சிரிக்க வைக்கும் பகடிப் பாட்டையும், எந்த ஒரு பாட்டையும் எடுக்காமல் ஒரு இசையமைப்பாளரின் நடையை மட்டும் உள்வாங்கி, அவரே போட்டதோ என்று மயங்கும்படி புதிதாய்க் கட்டும் பாணிப் பாட்டையும் நாம் இதுவரை இசையின் ஓரத்தில்தான் உட்கார வைத்திருக்கிறோம். கச்சேரி விமர்சனத்தில் அவற்றுக்கு இடமில்லை. சினிமா இசை பற்றிய பேச்சிலும் அவை கடைசி வரியில்தான் வருகின்றன. இந்த இரண்டும் ரசிகனின் கலைகள் என்பது என் உறுதியான எண்ணம். மூலத்தை நேசித்துப் பலமுறை கேட்டவனால்தான் அவற்றை எழுத முடியும்; அதேபோல் கேட்டவனுக்குத்தான் அவை முழுதாய் விளங்கும். மேடையில் ஒரு பாட்டு ஒலிக்கும்போது கேட்பவரின் நினைவில் இன்னொரு பாட்டு கூடவே ஓட வேண்டும். அந்த இரண்டாவது பாட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது ரசிகனின் பங்கு. அவன் அதைக் கொண்டுவராவிட்டால் பாடியவரின் உழைப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

இதற்கு நம் மொழியில் நான் அறிந்த சிறந்த சான்று பாரதியார் பாட்டு. வடலூர் வள்ளலார், தம் உள்ளத்தில் காய்த்த காய் பழுக்குமோ, வெம்பி விழுமோ, கைக்கு எட்டுமோ என்று உருகிப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. 'களக்கமறப் பொதுநடம்நான் கண்டுகொண்ட தருணம்' என்று அது தொடங்கும். மிதவாதிகளின் தலைவரான கோகலே, இந்திய மந்திரியாக இருந்த மார்லியின் சீர்திருத்தங்களை நம்பிக் காத்திருந்த காலத்தில், பாரதி அந்தப் பாட்டைத் திரித்து, கோகலே சாமியார் பாடுவதாக இப்படித் தொடங்கினார்: 'களக்கமுறும் மார்லிநடம் கண்டுகொண்ட தருணம்.' சில எழுத்துகள்தான் மாறியிருக்கின்றன. கலக்கம் அற்ற நடனம் கலக்கம் உற்ற நடனமாகி, தில்லைப் பொதுவில் ஆடியவன் நின்ற இடத்தில் லண்டன் மந்திரி வந்து நிற்கிறார். வள்ளலாரின் பாட்டில் பழத்தைக் கவர வரும் குரங்கு, உயிரை மயக்கி மறைக்கும் மலமாயை. பாரதியின் பாட்டில் அந்தக் குரங்குக்குக் கர்சான் என்று பெயர். வங்காளத்தை 1905இல் இரண்டாகப் பிளந்த வைஸ்ராயை ஒரே சொல்லில் மாயையின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். அருட்பாவை அறியாத ஒருவர் இதைப் படித்தால் அரசியல் கேலி என்ற அளவில் சிரித்துவிட்டுப் போவார். அறிந்தவருக்கோ, இறைவனிடம் வைக்க வேண்டிய ஏக்கத்தை அந்நிய அரசாங்கத்திடம் வைத்து ஏங்குகிறார்களே என்ற வருத்தமும் அந்தச் சிரிப்போடு கலந்தே வரும். வள்ளலாரை இழிவுபடுத்தும் ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்தப் பாட்டின் ஒவ்வொரு அசையையும் மனத்தில் வைத்திருந்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடிய பாட்டு அது.

இப்போது நமக்குப் பக்கத்து ஊருக்கு வருவோம். ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சேறியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் அந்த மெட்டுகளைப் பாடாத வாய் குறைவு. ஒருவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பாட்டும், பண்ணை ஆண்டை அவனை ஏசும் பாட்டும் காதில் இருக்கும். சுப்பிரமணிய பாரதி இதை நன்றாக அறிந்திருந்தார். உனக்கு மார்கழித் திருநாள் ஒரு கேடா என்று ஆண்டை நந்தனை இழித்துப் பேசும் பாட்டின் வர்ணமெட்டிலேயே, சுயராஜ்யம் கேட்ட இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரி பேசுவதாக, 'தொண்டு செய்யும் அடிமை! உனக்குச் சுதந்திர நினைவோடா?' என்று எழுதினார். கேட்டவர்கள் மனத்தில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மெட்டு தொடங்கியவுடனேயே ஆண்டையின் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆண்டை தடுத்த நந்தன் முடிவில் தில்லை போய் நடராசனோடே கலந்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாட்டில் ஓரிடத்திலும் சொல்லப்படாத ஒரு செய்தி, அதாவது இந்த அதிகாரியின் ஆணவமும் ஒருநாள் தோற்கும் என்ற செய்தி, மெட்டின் வழியாகவே அவர்களை எட்டியிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதியின் பேரால் ஒருவனை ஏசிய சொற்கள் ஒரு நாட்டையே ஏசும் சொற்களாகத் திரும்பி வரும்போது, ஏசும் பக்கத்தில் பழகியிருந்தவரும் ஏச்சு வாங்கும் இடத்தில் நின்று கேட்க நேர்கிறது. பகடி இதைவிட ஆழமாய்ச் சென்ற இடத்தை நான் அறியேன்.

அந்தச் சங்கிலி அங்கே அறுந்துவிடவில்லை. உடுமலை நாராயண கவி எழுத, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம் 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. நந்தன் இறைவனைக் காண ஏங்கினான். கிந்தன் படிக்க ஏங்குகிறான். கதை மட்டுமா மாறியது? பாகவதர் ஒருவர் வசனமும் பாட்டுமாய்க் கதை சொல்லும் காலட்சேபம் என்ற வடிவம் முழுவதையும் கலைவாணர் கையில் எடுத்துக்கொண்டார். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்திய கீர்த்தன மரபிலிருந்து எடுத்துச் செம்மைப்படுத்திய கலை அது. பாகவதர் கதையை நிறுத்தும் இடம், உபகதைக்குத் தாவும் விதம், வசனத்திலிருந்து பாட்டுக்குள் வழுக்கிச் செல்லும் நயம் ஆகியவற்றைத் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களையும் பலர் பார்த்திருந்தார்கள். இவ்வளவு தயாராக இருந்த ஓர் அவை வேறு எந்தப் பகடிக்கும் வாய்த்திருக்காது. பக்திக் கதையைக் கேட்கும் அதே செவியால் கல்விக் கதையைக் கேட்கச் செய்ததுதான் கலைவாணரின் பெருமை. கிந்தனாரைக் கேட்டுவிட்டு நந்தனாரைக் குறைவாக எண்ணியவர் யாரும் இருக்க முடியாது.

பாணிப் பாட்டுக்கு வருகிறேன். இது பகடியைவிடக் கடினம். இதை உணர்ந்து ரசிப்பதும் கடினம். அமெரிக்காவில் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக் என்ற கலைஞர் இந்த இரண்டையும் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார். மைக்கேல் ஜாக்சனின் பாட்டைச் சாப்பாட்டுப் பாட்டாக மாற்றி 1984இல் அவர் வெளியிட்ட பகடி உலகெங்கும் பேசப்பட்டது. 2014இல் வந்த அவருடைய பதினான்காவது இசைத்தட்டு அந்நாட்டுப் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது. மூலப் பாட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் பகடி செய்வது என்பதை அவர் வழக்கமாக வைத்திருக்கிறார். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனிடம் கேட்டபோது, இதுவும் சாப்பாட்டைப் பற்றியதா என்று அவர் வினவ, உங்கள் பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை என்பதைப் பற்றியது என்று இவர் விடை சொல்ல, உடனே சம்மதம் கிடைத்தது. இந்தப் பகடிகள் எல்லாரும் அறிந்தவை. அவருடைய தீவிர ரசிகர்களோ, அவர் இசைத்தட்டுகளில் இருக்கும் பாணிப் பாட்டுகளைத்தான் கொண்டாடுகிறார்கள். மூலம் எது என்று சுட்டிக்காட்ட முடியாத அந்தப் பாட்டுகளைக் கேட்டு, இது எந்தக் குழுவின் சாயல், எந்தக் காலத்துத் தாளவாத்தியம், எந்தப் பாடகரின் இழுப்பு என்று அலசுவதில் அவர்களுக்கு ஓயாத இன்பம். டீவோ என்ற குழுவின் சாயலில் 1985இல் அவர் செய்த பாட்டைக் கேட்ட அந்தக் குழுவின் மார்க் மதர்ஸ்பா, அதன் அழகை வியந்ததோடு, அதற்காக அவர்மேல் பொறாமை கொண்டதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

இங்கிலாந்தில் நீல் இன்னஸ் செய்தது என்னை இன்னும் கவர்கிறது. பீட்டில்ஸ் குழுவைப் போல ரட்டில்ஸ் என்று ஒரு கற்பனைக் குழுவைக் காட்டும் படம் 1978இல் வந்தது. அதற்குப் பாட்டெழுதிய இன்னஸ், பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை மறுபடி போட்டுக் கேட்காமல், தம் நினைவில் தங்கியிருந்ததை மட்டும் கொண்டு பாட்டுகளை அமைத்தார். ஒரு ரசிகனின் நினைவில் வடிகட்டி நின்ற பீட்டில்ஸ்தான் அந்தப் பாட்டுகளில் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனே அந்தப் படத்தில் தோன்றி நடித்தார் என்பது இந்த அன்பை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைக் காட்டும். பீட்டில்ஸ் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் வழக்கு வரை போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்கு இடம் தருகிறது. பகடியைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. சட்டம் என் துறை அன்று, அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

சாயலைக் கண்டுபிடிக்கும் காது நம் காவிரிக் கரைக்குப் புதிதா என்ன? தெற்கு வீதியில் நாதஸ்வரம் கேட்டால், வாசிப்பவர் முகத்தைப் பார்க்காமலேயே, இது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வழி என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றின் நடையிலேயே வடமொழியில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் அவருடைய 'சந்ததம் பாஹிமாம்' ஒலிக்கிறது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆபோகி கீர்த்தனையைக் கேட்ட கோபாலகிருஷ்ண பாரதியார், அதே ராகத்தில் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' என்று தமிழில் பாடி அவர்முன் வைத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒருவர் இசையில் மனம் கரைந்து, அந்த இசையாலேயே மறுமொழி சொல்வது என்ற பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி வண்டிகளில் வரும் பாட்டுகளும் பகடிதானா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. என்னிடம் இருப்பது ஒரே ஒரு சோதனை. அந்தச் சொற்களை வேறொரு வெற்றிப் பாட்டின் மெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது மெட்டைக் கடன் வாங்கிய பாட்டு, அவ்வளவுதான். கோகலே சாமியார் பாட்டை வள்ளலாரின் பாட்டிலிருந்து பிரித்தால் அதில் உயிர் இருக்காது. திருவிழாக்களில் சினிமா மெட்டில் பாடப்படும் பக்திப் பாட்டுகளை நான் குறை சொல்ல மாட்டேன்; அவை கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதற்காகப் பிறந்தவை, அவற்றின் நோக்கம் வேறு. மூலத்தைப் பாடியவரின் உடற்குறையையோ சாதியையோ உச்சரிப்பையோ பிடித்துக்கொண்டு செய்யும் கேலியை மட்டும் நான் எந்த அளவிலும் ஏற்கமாட்டேன். அங்கே யாரும் பாட்டைக் கேட்டிருக்கவே இல்லை.

கடைசியாக, இந்த அவையிலுள்ள தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். தஞ்சை மாவட்டத்துக் கல்யாண வீடுகளில் நலங்கின்போதும் சம்பந்தி விருந்தின்போதும் பெண்கள் பாடிய ஏசல் பாட்டுகள் இந்தக் கலையின் பெரும் களஞ்சியம். எல்லாரும் அறிந்த கீர்த்தனையின் மெட்டில், மாப்பிள்ளை வீட்டாரின் சீரையும் சிக்கனத்தையும் பற்றி, அந்தந்த வீட்டுக்கென்று அன்றைக்கே கட்டிப் பாடிய பாட்டுகள் அவை. மண்டபமும் இசைக்குழுவும் வந்த பிறகு அவை வெகுவாகக் குறைந்துவிட்டன; நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எண்பதைக் கடந்த பாட்டிமார்கள். அவர்களைப் பாடச் சொல்லி உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தச் சடங்கு, யாரிடம் கற்றது என்று கேட்டு எழுதுங்கள். அது எந்தக் கீர்த்தனையின் மெட்டு என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, அந்தக் கீர்த்தனையின் முதல் வரியையும் அவர்களையே பாட வைத்துப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.