இணையம் இருக்கும்போது இடம் எதற்கு? ஒரு நேயர் கேள்வி

வணக்கம். நேயர் ஒருவர் கேட்கிறார்: "நாங்கள் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. வெளியாட்களோடு யோசனையைப் பகிர்ந்து பொருள் செய்கிற 'திறந்த புதுமை'க்குப் பெருநகரம் போய்த்தான் ஆக வேண்டுமா? இணையம் இருக்கும்போது இடம் எதற்கு?" அந்தக் கடைசி வரி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஆர்டுயினோ என்கிற எலக்ட்ரானிக்ஸ் போர்டின் கதை பழைய நேயர்களுக்குத் தெரியும். பரவாயில்லை, இன்னொரு தரம் கேளுங்கள். 2005, இத்தாலியில் இவ்ரேயா. சின்ன ஊர். அங்கே ஒரு வடிவமைப்புக் கல்வி நிலையம். மாசிமோ பான்சியும் நண்பர்களும் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதாவது சாதனங்களை இயக்கும் சின்னக் கணினிச் சில்லு பதித்த பலகை ஒன்று செய்தார்கள். அதுதான் ஆர்டுயினோ. அங்கே படித்த எர்னாண்டோ பாராகான் செய்த 'வயரிங்' என்ற போர்டு அதற்கு முன்னோடி. அவரை மறந்துவிடுகிறோம், அது நியாயமில்லை.

சர்க்யூட் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சீனாவின் ஷென்செனில் அதே போர்டை நகலெடுத்துச் செய்து குவித்தார்கள். அப்படியானால் இடம் முக்கியமில்லையே என்பீர்கள். பொறுங்கள். இவ்ரேயா ஒலிவெட்டியின் ஊர். 1908இல் தொடங்கி, தட்டச்சுப் பொறியில் பேர் வாங்கி, 1965இல் மேசைமேல் வைக்கிற புரோக்ராமா 101 என்ற கணக்குப் பொறி வரை செய்த கம்பெனி. அது தேய்ந்த பிறகும் எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். குழுவில் ஒருவரான ஜான்லூக்கா மார்ட்டினோ பக்கத்து ஊரிலேயே போர்டு தயாரித்துக் கொடுத்தார். முதல் மாதிரி கோணல்மாணலாக இருக்கும்போது மின்னஞ்சல் உதவாது. போர்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்ட ஆள் வேண்டும். இடம் உதவுவது அந்தக் கட்டத்தில்தான்.

வெளியே விட்ட பிறகு கதையே வேறு, பொருள் உங்கள் ஊரோடு நிற்காது. உங்களிடம் ஊனோ என்கிற ஆர்டுயினோ போர்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வயர் செருகுகிற வரிசையில் 7ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி ஒழுங்கில்லை. வரையும்போது நேர்ந்த பிசகு. அதற்குள் அந்த அளவுக்கே ஊர் உலகமெல்லாம் ஷீல்டு, அதாவது மேலே செருகுகிற துணைப் பலகை, செய்துவிட்டார்கள், அப்புறம் எப்படித் திருத்துவது?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அவர்கள் ஏன் திறந்துவிட்டார்கள் என்பது. கல்வி நிலையம் மூடப்படும் நிலை. அதோடு சேர்ந்து தங்கள் வேலையும் முடங்கிவிடுமோ என்ற பயம். பெரிய மனசெல்லாம் அப்புறம்தான்! பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கமாகப் போகும் பாரின் பெயர் அது. பிறகு அந்தப் பெயருக்காகவே மார்ட்டினோவின் கம்பெனி ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று வழக்காடி, 2016இல்தான் சமாதானம் ஆனார்கள்.