சுகர் இருக்கிறவங்களுக்கு முழங்கால் திடீர்னு வீங்கினா ஊசி போடலாமா?

அடுத்த கேள்வி. "அம்மாவுக்கு 62 வயசு, ரொம்ப வருஷமா சுகர். மூணு நாளா வலது முழங்கால் வீங்கி சூடா இருக்கு, கால் ஊன முடியல. காய்ச்சல் இல்ல. தேய்மானம்தான், மூட்டுல ஸ்டீராய்டு ஊசி போட்டா சரியாயிடும்ங்கறாங்க. போடலாமா?"

இப்ப வேண்டாங்க. மூட்டுக்குள்ள எதையாவது போடறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிற நீரை வெளிய எடுத்துப் பாக்கணும். தேய்மானம் வருஷக்கணக்குல வர்றது. மூணு நாள்ல ஒரே மூட்டு வீங்கி, தொட்டா சுட்டு, மடக்கவே விடலன்னா, சீழ்னு நினைச்சுத்தான் ஆரம்பிக்கணும். சீழ் இருக்கிற இடத்துல ஸ்டீராய்டு போட்டா கிருமிக்குக் கொண்டாட்டம்.

காய்ச்சல் இல்லையேன்னு தைரியமா இருக்காதீங்க. மூட்டுல சீழ் வெச்சவங்க நிறைய பேருக்குக் காய்ச்சலே வராது. சர்க்கரை ஏறியிருந்தா வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ற வேகமும் குறைஞ்சிடும். அதனால குளுக்கோமீட்டரைப் பாருங்க. அதே சாப்பாடு, அதே மாத்திரை, ஆனா 160ல இருந்த சுகர் 300ங்குதா? எங்கியோ கிருமி இருக்குன்னு சந்தேகப்படுங்க.

நீர் எடுக்கிறது சில நிமிஷ வேலைதான். முட்டிச்சில்லுக்குப் பக்கவாட்டுல சுத்தம் பண்ணி, மரத்துப்போக ஊசி போட்டு, சிரிஞ்சுல உறிஞ்சுவாங்க. மோர் மாதிரி கலங்கி வந்தா அப்பவே அட்மிஷன். எப்படி வந்தாலும் செல் கவுண்ட் (வெள்ளையணு எண்ணிக்கை), கிராம் ஸ்டெயின் (சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல கிருமி பாக்கிறது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பாக்கிறது), படிகம் நாலுக்கும் அனுப்பணும். செல் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000க்கு மேலன்னா கிருமிதான்னு பலமா சந்தேகிக்கலாம். ஆனா கம்மியா இருக்குன்னு விட்டுடவும் கூடாது. கவுட்ல வர்ற யூரிக் அமிலப் படிகம் தெரிஞ்சாலும் அப்படித்தான், கவுட்டும் கிருமியும் சேர்ந்தும் வரலாம். செயற்கை மூட்டு வெச்சவங்களுக்கு மட்டும் இதை ஓபில பண்ண வேண்டாம், ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயே போங்க.

மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுட்டுப் போனா கல்ச்சர்ல ஒண்ணும் வளராம போகலாம். அப்புறம் எந்த மருந்துன்னு குருட்டாம்போக்குலதான் போகணும். பிரஷர் இறங்கி ஆள் துவண்டுட்டா மட்டும், நீர் எடுக்கிறதுக்காக ஆஸ்பத்திரியில ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ்ங்கற கிருமிதான் காரணம். அம்மா வயல்லயோ சேத்துலயோ வேலை செய்றவங்கன்னா அதை மறக்காம சொல்லுங்க. மண்ணுல இருக்கிற மெலியாய்டோசிஸ் கிருமி, குறிப்பா மழைக்காலத்துல, சுகர்காரங்களைத்தான் அதிகம் பிடிக்கும். லேப்ல அதை சூடோமோனாஸ்ங்கற வேற சாதாரண கிருமின்னு ஒதுக்கிடற ஆபத்தும் இருக்கு. அதுக்கு வாரக்கணக்குல ஊசி, பிறகு குறைஞ்சது மூணு மாசம் மாத்திரை.

மத்த கிருமின்னா சீழைக் கழுவி எடுத்துட்டு, ஊசியும் மாத்திரையுமா மொத்தம் நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரைக்கும் சுகருக்கு இன்சுலின்தான் நல்லது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிடறாங்கன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த நேரத்துல ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம், அதனால நிறுத்தி வெப்பாங்க.

எண்ணெய் தேச்சு உருவறது, வெந்நீர் ஒத்தடம் ரெண்டும் வேண்டாம். சுகர்ல உணர்ச்சி குறைஞ்ச கால்னா தோல் வெந்து கொப்பளிக்கிறதுகூடத் தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி பாதத்தையும் விரலிடுக்கையும் ஒருதரம் பாத்துடுங்க, கிருமி அங்க இருக்கிற புண் வழியா உள்ள போயிருக்கலாம். நாளைக்குன்னு வைக்காம இன்னிக்கே எலும்பு டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில காட்டுங்க. சீழ்ல ஊறினா மூட்டு எலும்பு முனையை மூடியிருக்கிற ஜவ்வு சில நாள்லயே அரிச்சுப்போயிடும்.