டேங்க் காலிதான், பைப் காலியா? குளிர்காலத்துக்கு முன் டிராவல் டிரெய்லரில் தண்ணீரைத் தேடும் வேலை

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். மெல்லத் திருப்பும்போது பக்கவாட்டில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு.]

வணக்கம். என் கையில் இருப்பது டிராவல் டிரெய்லரின், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீட்டின், தண்ணீர் பம்புக்கு முன்னால் மாட்டியிருக்கும் வடிகட்டி. இதில் இருக்கும் விரிசல் கண்ணுக்குச் சட்டென்று படாது, நகத்தால் வருடினால்தான் தெரியும். இதற்குள் நிற்கக்கூடிய தண்ணீர் இரண்டு மூன்று ஸ்பூன்தான்.

அந்த வருடம் டேங்க் எல்லாவற்றையும் வடித்துவிட்டு நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் போனேன். குளிர் போனதும் வந்து பம்பைப் போட்டால், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயைத் திறந்தால் பாதி காற்று, பாதி தண்ணீர் என்று துப்புகிறது. பம்ப் போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றிய பிறகுதான் இந்தக் கோடு கண்ணில் பட்டது. பம்ப் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கால்வாசி நிரம்பிய டேங்கில் அது விரிய இடம் இருக்கிறது. வடிகட்டிக் கிண்ணம், வால்வு, பைப் முழங்கை மாதிரி இடுக்குகளில் இடம் ஏது?

[காட்சி: வெள்ளைத்தாளில் பேனாவால் வரையும் படம். ஒரு பைப், நடுவில் பனிக்கட்டி, முனையில் மூடிய குழாய்.]

இன்னொன்றும் இருக்கிறது. பைப்புக்கு நடுவில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர்கிறது என்று வையுங்கள். அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் இன்னும் உறையவில்லை, ஆனால் நெருக்கப்படுகிறது. அழுத்தம் எகிறி, பனி இல்லாத இடத்தில்கூட பைப் வெடித்துவிடும். குழாய்களைத் திறந்தே வைக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அழுக்கு வேலை.

[காட்சி: கழிவு கொட்டும் நிலையம். கையுறை, தடித்த குழாய்.]

டாய்லெட் கழிவு போகும் பிளாக் டேங்கை முதலில் திறக்க வேண்டும். சிங்க், குளியல் தண்ணீர் போகும் கிரே டேங்க் அப்புறம்தான். அந்தச் சோப்புத் தண்ணீரே கழிவுக் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். வரிசை மாறினால் குழாயைச் சுருட்டி வைக்கும்போது மூக்குக்குத் தெரியும். பிளாக் டேங்கை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். 'காலி' என்று காட்டும் விளக்கை நம்ப வேண்டாம். சென்சாரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் அது என்ன வேண்டுமானாலும் சொல்லும். வெளியே வருவது தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். இதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், காயம் படுவதற்கு வாய்ப்புள்ள இடம் இதுதான். முந்தின நாள் இரவே கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஆறியதும் பம்பையும் வெளியிலிருந்து வரும் தண்ணீர் இணைப்பையும் நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். அதற்குப் பிறகுதான் வெளியே இருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள்.

[காட்சி: இரண்டு உலோகக் கம்பிகள் அருகருகே. ஒன்று புதிது, வழவழப்பு. மற்றது கரையான் அரித்த குச்சி போல.]

இரும்பு டேங்க் உள்ள ஹீட்டர் என்றால் அடைப்போடு சேர்ந்து இப்படி ஒரு கம்பியும் வெளியே வரும். இதற்கு அனோடு என்று பெயர். டேங்கை அரிக்க வேண்டிய துரு, அதை விட்டுவிட்டு இந்தக் கம்பியைத் தின்னும். அதற்காகவே வைத்த பலியாடு. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். அலுமினிய டேங்கில் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் அடைப்புதான் இருக்கும்.

ஹீட்டர் வடிந்ததும் அதன் பின்பக்க பைபாஸ் வால்வுகளைத் திருப்பி, தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகும்படி வையுங்கள். 22 லிட்டர் ஹீட்டரில் இதை மறந்தால், அடுத்து பைப்புகளுக்குள் விடப்போகும் ஆன்டிஃப்ரீஸ் என்ற உறைதடுப்புத் திரவமெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். மூன்று வால்வு இருந்தால், இரண்டு பக்கமும் மூடி, நடுவில் இருப்பதைத் திறக்க வேண்டும்.

நல்ல தண்ணீர் டேங்கின் வடிகாலைத் திறங்கள். டிரெய்லருக்கு அடியில் தொங்கும் இரண்டு தாழ்நிலை வடிகால்களையும் திறங்கள், ஒன்று சுடுதண்ணீருக்கு, ஒன்று பச்சைத் தண்ணீருக்கு. உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள். பம்பைச் சில நொடிகள் மட்டும் ஓட்டினால் அதில் நிற்பதும் வந்துவிடும். பலர் இத்தோடு முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

[காட்சி: கம்ப்ரஸரின் அழுத்தமானி. முள் 40-ல்.]

மிச்சத்தை எடுக்க ஒரு வழி, காற்றால் ஊதித் தள்ளுவது. வெளித் தண்ணீர் இணைக்கும் வாயில் ஓர் அடாப்டரை மாட்டி, கம்ப்ரஸரை 40 பிஎஸ்ஐ அளவில் வைத்து ஊதலாம். அதற்கு மேல் ஏற்றினால் இணைப்புகள்தான் பலி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழாயைத் திறங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் காற்று சுலபமான வழியில் ஓடிவிடும். காற்றை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. பள்ளத்தில் படுத்திருக்கும் தண்ணீருக்கு மேலேயே அது நழுவிப் போய்விடும். தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் வால்வு பம்பில் இருப்பதால், அந்த வாயில் ஊதும் காற்று பம்புக்குள் நுழையவும் முடியாது. என் வடிகட்டி இருந்தது பம்புக்கும் அந்தப் பக்கம்!

இன்னொரு வழி பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸ். நான் முதலில் ஊதிவிட்டு, அப்புறம் இதையும் விடுகிறேன். வாங்கும்போது நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், லேபிளைப் படியுங்கள். தண்ணீர் பைப்புகளுக்கு என்று எழுதியிருக்க வேண்டும், புரொப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டும். கார் இன்ஜினில் ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம். குடிக்கிற தண்ணீர் ஓடும் பைப்புக்குள் அது ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

டப்பாவில் மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். அதுவரை உறையாது என்று அதற்கு அர்த்தமில்லை. அதற்கு வெகு முன்பே அது கூழ் மாதிரி ஆகிவிடும், பைப்பை உடைக்கும் அளவுக்கு இறுகாது, அவ்வளவுதான். தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கும் தப்பிவிடும். டேங்கையும் பைப்பையும் வடிக்காமல் பிங்க் தண்ணீரை ஊற்றுவது வீண் என்று சொல்வது இதனால்தான்.

[காட்சி: பம்ப் அருகே ஒரு சிறிய குழாய், அதன் முனை டப்பாவுக்குள்.]

தாழ்நிலை வடிகால்களை மூடுங்கள். குடிநீர் ஃபில்டரின் உள்பகுதியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பம்பின் உறிஞ்சு பக்கத்து வால்வைத் திருப்பி, அங்கிருக்கும் சிறிய உறிஞ்சு குழாயின் முனையை ஆன்டிஃப்ரீஸ் டப்பாவுக்குள் விட்டு பம்பைப் போடுங்கள். இப்போது ஒவ்வொரு குழாயாக, முதலில் சுடுதண்ணீர், அப்புறம் பச்சைத் தண்ணீர். முதலில் தண்ணீர், பிறகு வெளிறிய ரோஜா நிறம் வரும். அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள், நல்ல அடர் பிங்க் வரும்வரை விடுங்கள். டாய்லெட்டையும் ஃப்ளஷ் பண்ணுங்கள். பெரும்பாலான டிரெய்லர்களுக்கு 8 முதல் 12 லிட்டர் போதும்.

இப்போது மறந்துபோகும் இடங்கள். வெளிப்பக்க ஷவர். அதன் சிறிய கதவைத் திறந்து சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் ஓட விடுங்கள். ஷவரின் கைப்பிடியைத் தொங்க விட்டு உதறுங்கள். அடுத்து, வெளித் தண்ணீர் இணைக்கும் வாய். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகு, அந்த வாயில் இருக்கும் வலையை எடுத்துவிட்டு, நடுவில் உள்ள வால்வை மரக்குச்சியால் மெல்ல அழுத்துங்கள். உள்ளே நின்ற தண்ணீரோ பிங்கோ கொஞ்சம் பீய்ச்சி அடிக்கும், அழுத்திக்கொண்டே முகத்தை விலக்குங்கள்.

சிங்க், ஷவர் இரண்டின் கீழேயும் வளைந்த பைப் இருக்கிறது. அதில் தண்ணீர் எப்போதும் நிற்கும், நாற்றத்தைத் தடுப்பதே அதுதான். ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் பிங்க் ஊற்றுங்கள். டாய்லெட் கிண்ணத்திலும் கொஞ்சம் நிற்கட்டும், ரப்பர் காயாது. கழிவு டேங்குகளுக்குள்ளும் தலா ஒரு லிட்டர் போகட்டும். வால்வுத் தகடு உட்காரும் பள்ளத்தில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும்.

[காட்சி: ஹீட்டர் சுவிட்ச். அதன் மேல் நீல டேப், டேப்பில் கையெழுத்து.]

பம்பை அணைத்துவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள். ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒரு டேப்பை ஒட்டி 'உள்ளே தண்ணீர் இல்லை' என்று எழுதிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் மின்சாரத்தைப் போட்டால் உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பி சில நிமிடங்களில் கருகிவிடும். பைபாஸ் வால்வுகள் இப்போது இருக்கும் நிலையை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் கழித்து, எந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று டார்ச்சோடு குனிந்து உட்கார்ந்து யோசிக்கப்போவது நீங்கள்தான்.